வெளித்தாழ்ப்பாள்

ஜூன் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

பதினோரு முறை போன் செய்துவிட்டேன். நீங்கள் எடுப்பதாக இல்லை. போனை எடுக்காமல் உங்களால் இருக்க முடியும். ஆனால் முப்பத்தாறு வருடம் தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து ஊர்வாரியாக அடுக்கிய மனிதரால், தன் பெயருக்கு வந்த உறையைத் திறக்காமல் இருக்க முடியாது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

முதலில் சண்டையைப் பேசி முடித்துவிடுகிறேன். அன்று நீங்கள் செய்தது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பேத்தியைப் பார்க்கத்தான் வந்தீர்கள். வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, என் அறைக் கதவின் வெளிப்பக்கத்தில் இருந்த தாழ்ப்பாளைப் பார்த்தீர்கள். "இதை யார் போட்டது?" என்று கேட்டீர்கள். அத்தை, "அவ பாட்டுக்கு எழுந்து எங்கயாவது போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்றார். நீங்கள் அலமாரியிலிருந்து திருப்புளியை எடுத்தீர்கள், நான்கு திருகாணிகளையும் கழற்றினீர்கள், தாழ்ப்பாளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். மாமியார் வீட்டில் என் தலையைத் தொங்கப் போட வைத்துவிட்டீர்கள் அப்பா. "அதைக் கொண்டுபோய் உங்கப்பா என்ன பண்ணப் போறார், ஊறுகாய் போடப் போறாரா?" என்று அத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அத்தை கெட்டவர் இல்லை. குழந்தை பிறந்த பிறகு மூன்று மாதம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேனே, அப்போது எனக்குத் தலை துவட்டிவிட்டது அவர்தான். ஒரு மத்தியானம் நான் செருப்புகூடப் போடாமல் தெருமுனை வரை போய் நின்றிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. அதற்குப் பிறகு போட்டதுதான் அந்தத் தாழ்ப்பாள். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். பரிசோதனைக் கூடத்துக்கு அரை நாள் வேலைக்கும் போகிறேன். ஊரார் ரத்தத்தை எடுத்துச் சோதிக்கும்போது கை நடுங்குவதில்லை. வீட்டுக்கு வந்தால்தான் பயம்.

டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "உங்க வீட்ல முன்னாடி யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?" தாத்தாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது, சின்ன வயதிலேயே போய்விட்டார் என்று மட்டும் காதில் விழுந்திருக்கிறது. எப்படிப் போனார், என்னதான் நடந்தது? உங்களைக் கேட்டால் எப்போதும் எழுந்து வெளியே போய்விடுவீர்கள்.

எனக்குத் தெரிந்தாக வேண்டும் அப்பா. என் மகளுக்கு எட்டு மாதம் ஆகிறது. இன்றுவரை அவளைத் தனியாக நான் குளிப்பாட்டியதில்லை. தாத்தாவைக் கொண்டுபோனது எனக்குள்ளும் இருந்தால் என்ன செய்வது என்று தண்ணீரைத் தொடவே பயமாக இருக்கிறது.

உங்கள் வாயாடி

—

ஜூன் 11

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. அஞ்சல் குறியீட்டு எண்ணில் கடைசி இலக்கம் தப்பு. இரண்டு நாள் வேறு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. உறையின் மேல் இருக்கும் முத்திரையைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். என் மகள் எழுதிய கடிதம் வழி தவறினால் எனக்குத்தான் அசிங்கம். சரியான எண்ணைக் கீழே பெரிதாக எழுதியிருக்கிறேன், ஒட்டி வைத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில். என் அப்பாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது, எனக்கு ஏழு. அவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். கடைசி ஒரு வருடம் கை நடுங்கியது. கோபம் வந்தது. எதிரில் இல்லாத ஆட்களோடு சண்டை போட்டார். ஒருநாள் வீட்டைவிட்டுப் போனவர் ஆற்றில் விழுந்து இறந்துவிட்டார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அவ்வளவுதான்.

அவருக்கு இருந்தது அவரோடு போயிற்று. உனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டரம்மாவிடம் "யாருக்கும் கிடையாது" என்று சொல்லிவிடு.

தாழ்ப்பாள் என்னிடம்தான் இருக்கிறது. தர மாட்டேன்.

அப்பா

—

ஜூன் 25

அப்பா,

குறியீட்டு எண்ணை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். இனி உங்கள் மானம் பத்திரம்.

கோபப்படாமல் படியுங்கள். போன வாரமும் இந்த வாரமும் இரண்டு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தாத்தா இருந்த ஊரின் நகராட்சிப் பதிவறைக்குப் போனேன். தாத்தாவின் இறப்புப் பதிவைப் பார்த்தால் காரணம் எழுதியிருக்கும், பிரதி எடுத்து டாக்டரம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பதிவறைக்காரர் ஓய்வு பெறுகிற வயதில் இருக்கிறார், கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அந்த வருடத்துப் பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டார். தூசி கிளம்பி இருவருக்கும் தும்மல்.

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அந்த வருடம், முந்தின வருடம், அடுத்த வருடம். ஆற்றில் இறந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். இரண்டு பள்ளிப் பிள்ளைகள், ஒரு படகோட்டி, ஒரு கிழவர், ஒரு தாயும் மகளும். முப்பத்து நான்கு வயதில் பெயர்ப்பலகை எழுதுகிறவர் யாரும் இல்லை. பதிவறைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ஆத்துல பொணம் கிடைச்சா போலீஸ் எழுதாம விடாதும்மா. இதுல இல்லேன்னா உங்க தாத்தா ஆத்துல சாகல."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தொரு வருடமாக நம் குடும்பம் சொல்லிவரும் ஒன்று பதிவேட்டில் இல்லை.

நீங்கள் எதையோ மென்று விழுங்குகிறீர்கள் அப்பா. போன கடிதத்தில் "வீட்டைவிட்டுப் போனவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் போனார்? அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நம் வீட்டில் எந்த அறைக்கும் வெளித்தாழ்ப்பாள் கிடையாது. வீட்டை வாங்கியதும் தச்சரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னீர்கள் என்று அம்மா இருந்தபோது சொல்லிச் சிரிப்பார். அது ஏன் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. எனக்காவது சொல்லுங்கள்.

வாயாடி

—

ஜூலை 2

மகளுக்கு,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் போய்ப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

உன் அம்மாவிடம் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவைப் பின்கட்டு அறையில் வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள். பெரியப்பாவின் ஏற்பாடு. என் அம்மா வேலைக்குப் போய்விடுவாள். பெரியப்பா வெளியே போகும் நேரத்தில் என்னைக் காவல் வைப்பார். "அவன் என்ன கெஞ்சினாலும் தொறக்காதே. தொறந்தா அவன் செத்துருவான், அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும்" என்று சொல்லியிருந்தார். ஏழு வயதுப் பையனிடம் சொல்கிற பேச்சா இது.

அன்று அப்பா கெஞ்சவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து சாதாரணமாகத்தான் பேசினார். "டேய், கொடியில என் வெள்ளைச் சட்டை காயுதா பாரு" என்றார். காய்ந்திருந்தது. "அதை எடுத்துட்டு வந்து கதவைத் தொற" என்றார். நான் ஸ்டூலைப் போட்டு ஏறித் திறந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டார். பித்தான் போட வரவில்லை, கை அப்படி நடுங்கியது. நான் போட்டுவிட்டேன். என்னையே தலை வாரிவிடச் சொன்னார். வாரினேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டு, "நான் போய்ட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். வரவில்லை.

மூன்றாம் நாள் பெரியப்பா ஆற்றுக் கதையோடு வந்தார். என்னைப் பார்த்து ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உன் அறைக் கதவில் அதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பின்கட்டு அறைக் கதவுதான் தெரிந்தது. அதைக் கழற்றாமல் வரவும் முடியவில்லை. கழற்றிவிட்டு வந்த பிறகு, நீ எங்கேயாவது போய்விட்டால் இதுவும் நான் செய்த வேலைதானே என்று பயம். போன் அடிக்கும்போதெல்லாம் அந்தச் செய்திதான் என்று நினைத்து எடுக்காமல் இருந்தேன். நீ எழுதுகிறாய் என்றால் நீ இருக்கிறாய் என்று அர்த்தம். அதனால் கடிதம் எனக்குப் பரவாயில்லை.

அப்பா நல்ல வேலைக்காரர். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு எழுதுவார். மாலையில் உதடெல்லாம் வெள்ளையாக இருக்கும், வெண்ணெய் திருடியவர் போல. கடைசியாக எழுதிய பெரிய பலகை பக்கத்து நகரத்து மனநோய் மருத்துவமனை வாசலுக்கு. அங்கே ஒரு டாக்டர், "தூரிகையை வாயில வைக்காதய்யா" என்று கடிந்துகொண்டாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். "நாக்கு இல்லாம எழுத்து எப்படி வரும்?" என்றார். ஆனால் நல்ல டாக்டர், நின்று பேசினார் என்றும் சொன்னார்.

இப்போது தெரிந்துகொண்டாயா? உன் ரத்தத்தில் ஒன்றும் இல்லை. தப்பு என் கையில்தான் இருந்தது.

அப்பா

—

ஜூலை 6

அப்பா,

உடனே எழுதுகிறேன், நீளமாக எழுத முடியவில்லை.

சாகப் போகிறவர் துவைத்த சட்டையைக் கேட்பாரா? தலை வாரிக்கொண்டு போவாரா? நான் தெருமுனைக்குப் போன அன்று செருப்புகூடப் போடவில்லை. எனக்குத் தெரியும் அப்பா, அந்த நிலை எப்படி இருக்கும் என்று. அவர் யாரையோ பார்க்கக் கிளம்பியிருக்கிறார். மரியாதைக்குரிய ஒருவரை.

எங்கே என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை அந்த ஏழு வயதுப் பையனைத் திட்டாமல் இருங்கள்.

வா.

—

ஜூலை 24

அன்புள்ள அப்பா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மருத்துவமனைக்குப் போனேன். பஸ்ஸில் நான்கு மணி நேரம். முதல் தடவை கேட்டபோது மனு எழுதிக் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். உறவை நிரூபிக்க உங்கள் பள்ளிச் சான்றிதழின் பிரதி வேண்டும் என்றார்கள், நல்லவேளை என்னிடம் ஒன்று இருந்தது. இரண்டாம் தடவை போனபோது பதிவுப் பிரிவில் இருந்த பெண், நாடா கட்டிய ஒரு கோப்பை எடுத்து வைத்திருந்தாள். "இவரைத் தேடி இதுவரை யாருமே வந்ததில்லை" என்றாள்.

தாத்தா ஆற்றுக்குப் போகவில்லை அப்பா. நீங்கள் கதவைத் திறந்த அன்றே மாலை நான்கு மணிக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். சேர்க்கைப் பதிவை எழுதியவர் தூரிகையை வாயில் வைக்காதே என்று சொன்ன அதே டாக்டர்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் "நம் வாசல் பலகையை எழுதியவர்" என்று குறித்திருக்கிறார். நான் பார்த்து எழுதிக்கொண்டு வந்ததை அப்படியே தருகிறேன்:

"ஈறுகளில் நீலக் கோடு. கடும் வயிற்று வலி. இரு மணிக்கட்டுகளும் தொங்குகின்றன. தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கும் வழக்கம் உண்டு. வெள்ளை வர்ணத்தில் உள்ள ஈயம் பல ஆண்டுகளாக உடலில் சேர்ந்து மூளையை எட்டியிருக்கிறது. மனக் கலக்கம் அதனால் வந்தது."

ஈறில் நீலக் கோடு என்று படித்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் ஒரு லாபம் இது. ஈயம் அப்பா. எழுத்துக்கு எழுத்து அவர் நக்கி விழுங்கியது. எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "இது வழிவழியா வர்ற நோய் இல்ல. உங்களுக்கு வந்தது வேற. பிரசவத்துக்கு அப்புறம் எத்தனையோ பேருக்கு வரும், சரியாகும், உங்களுக்கும் சரியாகிட்டுதான் இருக்கு" என்றார்.

இருபத்து மூன்று நாள் அங்கே இருந்திருக்கிறார். மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஜன்னல் ஓரத்துக் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் நாள் குறிப்பில் "தெளிவாகப் பேசினார், நன்றாகச் சாப்பிட்டார்" என்று இருக்கிறது. இருபத்து மூன்றாம் நாள் வலிப்பு வந்து போய்விட்டார். "சில மாதங்கள் முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உறவினர் யாரும் வராததால் மருத்துவமனை வளாகத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். வேலியோரம் எண் போட்ட கல் ஒன்று இருக்கிறது. பார்த்துவிட்டு வந்தேன்.

இனி முக்கியமான இடம். சேர்க்கைப் பதிவில் "அழைத்து வந்தவர்" என்று ஒரு கட்டம். எல்லாப் பக்கத்திலும் அண்ணன், மனைவி, காவலர் என்று ஏதாவது இருக்கும். தாத்தாவின் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

"எவரும் இல்லை. தானே வந்தார். வீட்டில் பூட்டி வைத்திருந்ததாகவும், ஏழு வயது மகன் கதவைத் திறந்து, சட்டை போட்டு, தலை வாரி அனுப்பியதாகவும் சொல்கிறார். மகனைப் பற்றிப் பேசும்போது முகம் மலர்கிறது."

அதைப் படித்துவிட்டு அந்தப் பதிவுப் பிரிவுப் பெண்ணும் நானும் சேர்ந்து அழுதோம். குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஆமாம், அவளையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். தனியாக. அத்தைதான் புட்டியில் பால் கலந்து கொடுத்து, "போய்ட்டு வா, நான் இருக்கேன்" என்று பஸ் ஏற்றிவிட்டார்.

இன்னொன்று. வீட்டுக்குத் தகவல் சொல்லி மருத்துவமனை இரண்டு அஞ்சலட்டைகள் போட்டிருக்கிறது. இரண்டும் திரும்பி வந்து கோப்பில் கிடக்கின்றன. முகவரி தப்பாக எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. முன்னும் பின்னும் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன்.

உங்கள் வாயாடி

—

ஜூலை 28

கண்ணு,

முகவரி தப்பில்லை. வீட்டு எண் சரி, தெரு சரி. இரண்டு அட்டைகளின் முகப்பிலும் குறுக்கே நீலப் பென்சிலால் எழுதியிருப்பதைப் பார்த்தாயா? "பெற மறுப்பு." முகவரி தவறென்றால் அதற்கு வேறு குறிப்பு உண்டு, ஆள் இல்லையென்றால் அதற்கு வேறு உண்டு. முப்பத்தாறு வருடம் நான் பார்த்த குறிப்புகள். பெற மறுப்பு என்றால் தபால்காரர் வாசலுக்கு வந்து, வீட்டு ஆள் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார் என்று பொருள். அஞ்சலட்டை என்றால் உறை கிடையாது. திருப்பிக் கொடுத்தவர் படித்துவிட்டுத்தான் கொடுத்திருப்பார்.

பகலில் வீட்டில் இருந்த பெரிய ஆள் பெரியப்பா ஒருவர்தான். முதல் அட்டையின் மேல் எங்கள் ஊர் அஞ்சலகத்தின் தேதி முத்திரை தெளிவாக இருக்கிறது. ஆற்றுக் கதையைச் சொன்னதற்கு முந்தின நாள். தம்பி உயிரோடு கட்டிலில் இருக்கிறான் என்று தெரிந்தே வந்து சொல்லியிருக்கிறார். அவருடைய பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சித்தப்பா இருக்கிறார் என்பதைவிட ஆற்றில் செத்தார் என்பது அவருக்கு வசதியாக இருந்திருக்கும். என் அம்மாவுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்காது என்றே வைத்துக்கொள்கிறேன். பெரியப்பா போய் இருபது வருடம் ஆகிறது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. நேற்று முழுக்கச் சமையலறையில் நின்று பாத்திரங்களைத் திட்டினேன்.

ஊர் ஊராகப் போக வேண்டிய கடிதத்தை எல்லாம் சரியாக அனுப்பினேன். எனக்கு வர வேண்டிய கடிதம் அறுபத்தொரு வருடம் ஒரு கோப்பில் கிடந்திருக்கிறது. ஆனால் வந்துவிட்டது. நீ கொண்டுவந்து சேர்த்தாய்.

அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. நான் தலை வாரியதைக்கூட அவர் சொல்லியிருக்கிறார். என் மேல் அவருக்கு வருத்தம் இல்லை. வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டினார். ஒன்றுமில்லை, நல்ல செய்தி என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அந்தத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வெளியே இருக்கும் நான்கு ஓட்டைகளையும் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டு, தாழ்ப்பாளை உள்பக்கமாக மாட்டித் தருகிறேன். திறப்பதும் போடுவதும் உன் கையில் இருக்கட்டும். ஊறுகாய் போடவில்லை என்று சம்பந்தியம்மாவிடம் சொல். கோபத்தில் போனதற்கு நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அவர்களும் பயத்தில்தான் செய்தார்கள். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

குழந்தையைக் குளிப்பாட்ட நான் வரும்வரை காத்திருக்காதே. நான்கு மணி நேரம் பஸ்ஸில் தனியாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவளுக்கு ஒரு வாளித் தண்ணீர் பெரிதா? நான் வந்ததும் மூன்று பேரும் அந்த வேலியோரத்துக் கல்லைப் போய்ப் பார்ப்போம். எண்ணுக்குக் கீழே அவர் பெயரை நான் எழுத வேண்டும். தூரிகையை வாயில் வைக்க மாட்டேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்திருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டாரே. இப்படி எழுதிக்கொள்ளச் சொல்: தாத்தா, உடம்பு முடியாதபோது தானாகவே வைத்தியரைத் தேடி நடந்து போனவர். அப்பா, அவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர்.

அப்பா